33 வயசு நோஸ் டேக்கிளைத் திரும்ப எடுக்கலாமா?

கேள்வி: நம்ம என்.எஃப்.எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) டீம்ல, தற்காப்பு வரிசையோட நடுவுல நிக்கிற நோஸ் டேக்கிளோட ஒப்பந்தம் முடியுது. நீட்டிக்கலாமா, டிராஃப்ட்ல (புது வீரர்களை டீம்கள் தேர்ந்தெடுக்கிற நிகழ்வு) பார்த்துக்கலாமா?

பதில்: சாக் (பந்தை எறியப் போறவரை வீழ்த்துறது) எண்ணிக்கையை விடுங்க. நாலாவது குவார்ட்டர் (ஆட்டத்தோட கடைசிக் கால் பகுதி) வீடியோவுல, எதிரணியில ரெண்டு பேர் சேர்ந்து தள்ளும்போது இடம் கொடுக்காம நிக்கிறாரான்னு பாருங்க. கால் தளர்ந்தா உடம்பு நிமிர்ந்துடும், பின்னால போவார். அப்புறம் எதிரணி கார்டு (வழி திறந்து விடுற தடுப்பாளர்) நேரா நம்ம லைன்பேக்கர் (நோஸ் டேக்கிளுக்குப் பின்னால நிக்கிற தற்காப்பு வீரர்) மேல ஏறிடுவான்.

பதில்: ஒரு வருஷம் மட்டும். வெட்டரன் சலுகையில (அனுபவ வீரர்களுக்கான விதி) குறைந்தபட்சச் சம்பளம்னா, கேப்ல (டீமோட மொத்தச் சம்பள உச்சவரம்பு) ரெண்டு சீசன் வீரரோட தொகைதான் ஏறும். அதுக்கு மேல கேட்டா, ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு ரோஸ்டர் போனஸா (அணியில இருந்தா கிடைக்கிற தொகை) கொடுங்க. வாய்ட் இயர் (போனஸைப் பரப்பிக் காட்ட ஒப்பந்தத்துல சேர்க்கிற பெயரளவு வருஷம்) வேண்டவே வேண்டாம். அவர் போனதும் மிச்ச போனஸ் மொத்தமா கேப்ல விழும்.

பதில்: எடுக்கலாம், ஆனா முதல் ரெண்டு டவுனுக்கு (பந்தை முன்னேத்துற முயற்சி), ஆட்டத்துக்கு 25 ஸ்னாப்தான் (பந்து ஆட்டத்துக்கு வர்ற தடவை). டிராஃப்ட்லயும் ஒருத்தர் கட்டாயம் வேணும்.