தடுப்பூசி அட்டை ஊரில் இருக்கிறது, பள்ளியில் கேட்கிறார்கள் – அவசரம்

தறிவீட்டான்
வணக்கம். பையனைப் பள்ளியில் சேர்க்கப் போனோம். தடுப்பூசிப் பதிவு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அட்டை ஊரில் இருக்கிறது, எந்தப் பெட்டியில் வைத்தோம் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. எல்லா ஊசியும் ஒழுங்காகப் போட்டாயிற்று. அட்டை இல்லாமல் ஏதாவது வழி உண்டா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கோலப்பொடி
எந்த நாடு? பையனுக்கு என்ன வயது? ஊசி அரசு மருத்துவமனையிலா, தனியாரிலா?

ரைன்கரை
ஜெர்மனி என்றால் கவலை வேண்டாம். சட்டப்படி கட்டாயம் தட்டம்மைக்கு மட்டும்தான், 2020 மார்ச் 1 முதல். இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு இரண்டு டோஸ் போட்ட சான்று வேண்டும். இல்லாவிட்டால் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று மருத்துவர் தரும் சான்று போதும். பள்ளி வயதுப் பிள்ளையை இதற்காகத் திருப்பி அனுப்ப முடியாது, சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிப்பார்கள், அவ்வளவுதான்.

ஆலமரம்
நாடும் இல்லை, வயதும் இல்லை. ஜோசியம் பார்த்தா பதில் சொல்வது? இதே கேள்வி இங்கே எத்தனை தடவை வந்திருக்கிறது என்று தேடிப் பார்த்தாலே தெரியும். பிள்ளையோடு வெளிநாடு கிளம்புகிறவர்கள் பாஸ்போர்ட்டோடு வைக்க வேண்டிய தாள் இது. விசாவுக்குக் காட்டும் அக்கறையில் கால்பங்கு போதும்.

கோலப்பொடி
சார், அவர் பதற்றத்தில் எழுதியிருக்கிறார். விவரம் கேட்டால் சொல்லப் போகிறார்.

தறிவீட்டான்
அமெரிக்கா, நியூ ஜெர்சி. ஆறு வயது, முதல் வகுப்பு. ஊசி எல்லாம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். இந்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின்னில் எடுக்கலாம் என்று நண்பர் சொன்னார், தேடினேன், ஒன்றும் வரவில்லை.

எடிசன்வாசி
வராது. யூ-வின் 2023 தொடக்கத்தில்தான் சோதனை முறையில் ஆரம்பித்தது. உங்கள் பையன் கைக்குழந்தையாக இருந்தபோது போட்டதை அதில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

முதலில் ஒரு நல்ல செய்தி. ஐந்து வயது தாண்டிய பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்து நியூ ஜெர்சி பள்ளியில் சேர்ந்தால், பழைய பதிவைக் கொண்டுவர 30 நாள் அவகாசம் உண்டு. பள்ளி நர்ஸிடம் நேராகப் பேசுங்கள். முன் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குப் பல நேரம் இது தெரிவதில்லை.

டைட்டர்தாசன்
எதற்கு இவ்வளவு சுற்று? ரத்தத்தில் டைட்டர், அதாவது எதிர்ப்புச் சக்தியின் அளவு, பார்த்துவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி இருந்தால் முடிந்தது கதை. அட்டையும் வேண்டாம், ஊரில் யாரையும் தொந்தரவு செய்யவும் வேண்டாம். நான் எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன்.

ஓய்வு_நர்சம்மா
தம்பி, டைட்டர் எல்லாவற்றுக்கும் உதவாது. தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை, ஹெபடைட்டிஸ் பி இவற்றுக்குச் சரி. கக்குவான் இருமலுக்கு, இவ்வளவு இருந்தால் பாதுகாப்பு என்று சொல்ல ரத்தத்தில் அளவுகோலே கிடையாது. ஆறு வயதுப் பிள்ளையிடம் குழாய் குழாயாக ரத்தம் எடுத்துவிட்டு, அப்புறம் ஊசியும் போட வேண்டி வரும்.

தறிவீட்டாருக்கு: உங்கள் மனைவியின் பிக்மி எண்ணைத் தேடுங்கள், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண் அது. பிறப்புச் சான்றிதழ் வாங்கிய காகிதங்களோடு இருக்கும். அதையும் பையன் பிறந்த தேதியையும் வீட்டில் யாரிடமாவது கொடுத்து, உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களிடம் பதிவேடு உண்டு. அதைப் பார்த்துத் தேதியோடு எழுதி, சுகாதார நிலைய மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினால் அது முறையான பதிவு.

லாரிபட்டறை
இதெல்லாம் நடக்கிற காரியமா? தெரிந்த டாக்டரிடம் ஒரு லெட்டர்பேடில் எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று தேதி போட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்துவிடும். எல்லோரும் செய்வதுதான்.

ஓய்வு_நர்சம்மா
தயவுசெய்து செய்யாதீர்கள். தன் பதிவேட்டைப் பார்த்து டாக்டர் எழுதினால் அது சான்று. நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினால் பொய். 2025-இல் டெக்சாஸில் தட்டம்மை பரவி, ஊசி போடாத இரண்டு பிள்ளைகள் செத்துப் போனார்கள். போடாத ஊசியைப் போட்டதாக எழுதினால், நாளைக்கு வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை வந்தால் உங்கள் பிள்ளைக்குப் பாதுகாப்பு இருப்பதாக எல்லோரும் நம்பி உட்கார்ந்திருப்பார்கள்.

லாரிபட்டறை
அவர் எல்லாம் போட்டாயிற்று என்றுதானே சொல்கிறார்? போட்டதைத்தானே எழுதச் சொன்னேன்? நம் ஊரில் ஊசி போடாமல் விடுகிறவர்கள் யார்? போலியோவையே சொட்டு மருந்து கொடுத்து ஒழித்த நாடு அம்மா இது.

எடிசன்வாசி
அந்தச் சொட்டுதான் இங்கே சிக்கல். 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை வைரஸை எடுத்துவிட்டார்கள். மூன்று வகையும் சேர்ந்ததைத்தான் அமெரிக்கா கணக்கில் எடுக்கும். அதனால் 2016 ஏப்ரல் 1-க்குப் பிறகு கொடுத்த சொட்டு எத்தனை இருந்தாலும் இங்கே சேராது. இந்தியா ஒழித்தது உண்மை, 2014-இலேயே சான்றும் கிடைத்தது. இது கணக்கு வேறுபாடு, குறை இல்லை.

லாரிபட்டறை
அப்படி என்றால் நம் ஊர் அட்டையே செல்லாது என்கிறீர்களா?

ஆலமரம்
எழுதியிருப்பதை முழுதாகப் படியுங்கள். சொட்டு மட்டும் என்றுதான் சொல்கிறார்.

எடிசன்வாசி
அட்டை கிடைத்தால் பெரும்பகுதி செல்லும். எங்கே இடிக்கும் என்று சொல்கிறேன், டாக்டரிடம் போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் மாதம் போட்ட எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா ஊசி) சேராது, இங்கே முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டால்தான் கணக்கு. பதினாறு மாதத்துக்கு மேல் போட்டது சேரும். ஆக தட்டம்மைக்கு ஒன்று குறைகிறது. அரசு ஊசியில் பொன்னுக்கு வீங்கி கிடையாது, அதுவும் குறை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா சேர்ந்த ஊசி) போட்டால் தீர்ந்தது. சின்னம்மை அரசு அட்டவணையிலேயே இல்லை, அதை எம்எம்ஆர் போடும் அன்றே போடச் சொல்லுங்கள். வேறு நாளில் என்றால் 28 நாள் இடைவெளி வேண்டும்.

பென்டா என்று எழுதியிருந்தால் இங்கே பலருக்குப் புரியாது. முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி), ஹெபடைட்டிஸ் பி, ஹிப் (ஒரு பாக்டீரியா தொற்றுக்கான ஊசி) மூன்றும் அதில் இருக்கிறது என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். கடைசி பென்டா பதினான்காம் வாரம் போட்டிருப்பார்கள். ஹெபடைட்டிஸ் பி கடைசி டோஸை 24 வாரத்துக்குப் பிறகு போட்டிருந்தால்தான் அமெரிக்க அட்டவணை ஏற்கும், அதனால் அதிலும் ஒன்று கேட்பார்கள்.

கோலப்பொடி
தேதியையும் பாருங்கள். என் மகள் பிறந்தது 2018 செப்டம்பர். பதினைந்தாம் மாத எம்எம்ஆர் அட்டையில் 08/12/2019 என்று இருந்தது, டிசம்பர் 8. பள்ளியில் ஆகஸ்ட் 12 என்று படித்து, ஒரு வயதுக்கு முன் போட்டது செல்லாது என்றார்கள். மாதத்தை எழுத்தில் எழுதி ஒரு தாள் தயார் செய்து கொடுத்த பிறகுதான் சரியானது.

டைட்டர்தாசன்
இவ்வளவு கணக்குக்கு டைட்டரே எளிது என்று இன்னும் சொல்கிறேன்.

ரைன்கரை
அங்கே காசநோய்ச் சோதனையும் கேட்பார்களா? தங்கை அடுத்த வருடம் அமெரிக்கா போகிறாள்.

ஓய்வு_நர்சம்மா
கேட்டால் கையில் குத்திப் பார்ப்பதற்குப் பதில் ரத்தப் பரிசோதனை கேட்கச் சொல்லுங்கள். பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட பிள்ளைக்குத் தோல் சோதனை தடித்துக் காட்டிவிடும், பெற்றவர்கள் பயந்துபோவார்கள். ரத்தப் பரிசோதனையை பிசிஜி பாதிக்காது.

தறிவீட்டான்
எல்லோருக்கும் நன்றி. அண்ணி ஊரில் கிராம சுகாதார செவிலியரைப் போய்ப் பார்த்தார், பதிவேட்டில் எல்லாம் இருந்தது. கையெழுத்து முத்திரையோடு வந்துவிட்டது. பையன் பள்ளிக்குப் போகிறான். எம்எம்ஆர், சின்னம்மை, ஹெபடைட்டிஸ் பி, போலியோ நான்கும் ஒரே நாளில் போட்டார்கள், லேசான காய்ச்சல், அவ்வளவுதான்.

எடிசன்வாசி
மகிழ்ச்சி. அடுத்த போலியோ ஊசிக்குத் தேதி குறித்துக் கொடுத்தார்களா? ஒன்றோடு நிற்காது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கோலப்பொடி
முத்தடுப்பு கடைசியாக எப்போது போட்டது? நான்கு வயதுக்குப் பிறகு ஒன்று இருக்க வேண்டும். அதையும் பதிவேட்டில் பாருங்கள்.