மேற்கு வெயில், உப்புத் தண்ணீர்: சுவரோரப் பாத்திக்கு வருடக்கணக்கில் நிற்கும் பூச்செடி எது?

காட்பாடி வாசல்
வணக்கம். காட்பாடி காந்தி நகரில் வீட்டின் முன்புறம் காம்பவுண்டு சுவரை ஒட்டி 20 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஒரு பாத்தி இருக்கிறது. சுவர் மேற்கு பார்த்தது. காலை 11 மணிக்கு விழும் வெயில் சாயங்காலம் வரை விடாது. சுவர் எழுப்பி ஒரு வருடம்தான் ஆகிறது. போர் தண்ணீர் உப்பு; பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறது. சீசனுக்குச் சீசன் பிடுங்கி நடுகிற செடி வேண்டாம். ஒருமுறை வைத்தால் நாலைந்து வருடம் நிற்க வேண்டும், எல்லா மாதமும் ஏதாவது ஒன்று பூக்க வேண்டும். நர்சரியில் இட்லிப்பூவும் அரளியும் சொல்கிறார்கள். முன்பே வைத்த இரண்டு இட்லிப்பூ மஞ்சளடித்து நிற்கிறது. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை உண்டு. இப்போது சித்திரை, உடனே நடலாமா?

பாலாற்றங்கரை
உடனே வேண்டாம். கத்திரி வெயிலில் அந்தச் சுவர் ராத்திரி வரை அனல் கக்கும். புது வேர் அதைத் தாங்காது. நம் பக்கம் ஆடி, ஆவணியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டும் கிடைக்கும். ஆடி மழை இரண்டு விழுந்த பிறகு நட்டால் அடுத்த சித்திரைக்குள் வேர் கீழே இறங்கிவிடும். அதுவரை மண்ணைச் சரி செய்யுங்கள். செடி தேர்வு அதற்கு அப்புறம்தான்.

சுவர் புதுசு என்பதால் முதலில் பார்க்க வேண்டியது மண்ணுக்குள் கிடக்கும் சிமெண்ட் கட்டி, சுண்ணாம்பு, ஜல்லி. கடப்பாரையால் ஒன்றரை அடி ஆழம் தோண்டிப் பாருங்கள். சாம்பல் நிறக் கட்டிகள் வந்தால் அத்தனையையும் பொறுக்கி வெளியே போடுங்கள். ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணில் வினிகர் ஊற்றினால் நுரைத்துப் பொங்குகிறதா என்று பாருங்கள். பொங்கினால் சுண்ணாம்பு அதிகம் என்று அர்த்தம். அந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. உங்கள் இட்லிப்பூ மஞ்சளடிப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். கொழுந்து இலையில் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாக இருக்கிறதா? அப்படியானால் இரும்புக் குறைபாடு. அடியிலிருக்கும் பழைய இலை முழுசாக மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறை, வேறு விஷயம்.

ஒரு அடி ஆழக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். நாலு மணி நேரம் கழித்தும் நிற்கிறதென்றால் பாத்தியை அரை அடி உயர்த்தியே ஆக வேண்டும். உப்புத் தண்ணீர் பாயும் இடத்தில் வடிகால் இல்லையென்றால் எந்தச் செடியும் நிலைக்காது.

ஊசூர் தோட்டம்
நல்ல செம்மண் கலந்து, இரண்டு அங்குல உயரத்துக்கு மக்கிய தொழு உரம் பரப்பிக் கொத்திவிடுங்கள். 60 சதுர அடிக்குச் சிமெண்ட் சாக்கில் எட்டுச் சாக்கு பிடிக்கும். கூடவே வேப்பம் புண்ணாக்கு 2 கிலோ. மக்காத சாணம் போட்டால் கரையான் வரும், வேரும் வெந்துபோகும்.

அரளி பற்றி: வெயில், உப்பு, வறட்சி மூன்றையும் தாங்குவதில் அதற்கு ஈடு கிடையாது. ஆனாலும் மூன்று வயதுக் குழந்தை இருக்கிற வீட்டு வாசலில் வைக்காதீர்கள். இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். வெட்டிய கிளையை எரித்தால் புகையும் ஆகாது. மஞ்சள் பூ பூக்கிற பொன்னரளியும் அப்படியே. அதன் விதை இன்னும் மோசம்.

பின்வரிசைக்கு என் தேர்வு: ஒற்றை அடுக்கு நாட்டுச் செம்பருத்தி இரண்டு, நீலப் பிளம்பாகோ இரண்டு, ஓரத்தில் ஒரு காகிதப்பூ. சுவரிலிருந்து ஒன்றே கால் அடி தள்ளி, செடிக்குச் செடி நாலு அடி விட்டு வையுங்கள். சின்னச் செடியாக இருக்கும்போது இடைவெளி வெறிச்சென்று தெரியும். அதற்குப் பயந்து நெருக்கி நட்டால் இரண்டாவது வருடம் காற்றோட்டமில்லாமல் மாவுப்பூச்சி மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும், முதலில் செம்பருத்தியில்தான். எறும்பு ஏறுவது தெரிந்தவுடனே ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள்.

காகிதப்பூவைக் கவரிலிருந்து எடுக்கும்போது மண் உருண்டை உடையக் கூடாது. அதன் வேர் மெல்லியது, அறுந்தால் செடி மாதக்கணக்கில் அசையாது. வேர் பிடித்த பிறகு தண்ணீரைக் குறைத்தால்தான் பூ. தினமும் ஊற்றினால் முள்ளும் இலையும்தான் வளரும். குழந்தை ஓடுகிற பக்கம் விட்டு, எதிர் ஓரத்தில் வையுங்கள்.

பாகாயம் மாடி
இட்லிப்பூவை அவ்வளவு சுலபமாகக் கைவிட வேண்டியதில்லை. அன்னபேதி (இரும்புச் சத்து தரும் ஃபெரஸ் சல்பேட் உப்பு) ஒரு லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, எலுமிச்சைச் சாறு சில துளி விட்டு, சாயங்காலம் இலையில் தெளித்தால் கொழுந்து பச்சை திரும்பும். மாதம் ஒருமுறை.

ஊசூர் தோட்டம்
திரும்பும், மறுக்கவில்லை. ஆனால் சுண்ணாம்பு மண்ணும் உப்புத் தண்ணீரும் இருக்கும்வரை மாதாமாதம் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் கேட்பது அப்படி ஓயாமல் கவனிக்க வேண்டாத செடி. அந்த இரண்டு இட்லிப்பூவையும் பெரிய தொட்டிக்கு மாற்றி, மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றட்டும். பாத்தியில் அந்த இடத்துக்கு நந்தியாவட்டையின் குட்டை ரகம் போதும்.

முன்வரிசை விட்டுப்போச்சு. நித்தியகல்யாணி ஒரு அடி இடைவெளியில். வருடம் பூராவும் பூக்கும். இரண்டு மூன்று வருடத்தில் தண்டு கட்டையாகிவிடும். அப்போது அடியில் தானாக முளைத்திருக்கும் கன்றை விட்டுப் பழையதை எடுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கினால் தண்டு கறுத்து ஒரே வாரத்தில் சாயும், அதனால் பாத்தியின் மேட்டுப் பக்கம். வாயில் வைக்கக் கூடாத செடிதான், குழந்தைக்குச் சொல்லிவையுங்கள். விளிம்பில் மழை லில்லிக் கிழங்கு, இரண்டு அங்குல ஆழம், அரை அடிக்கு ஒன்று. மழை விழுந்த சில நாளில் மொத்தமாகப் பூக்கும். மார்கழி, தை மாதப் பூவுக்கு, பாத்தியின் நடுவில் இரண்டு டிசம்பர் பூச்செடி. பூ ஓய்ந்ததும் மாசியில் ஒரு அடி விட்டுக் கவாத்து செய்யுங்கள். பிளம்பாகோ புதுத் தளிரில்தான் பூக்கும், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். சித்திரை, வைகாசியில் எதிலும் கத்தி வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் தண்டு வெயிலில் வெந்துவிடும்.

ருயெல்லியா வாங்கச் சொல்வார்கள். சாகாது, உண்மைதான், அடிக்கிழங்காலும் விதையாலும் பரவி மற்ற செடியை அமுக்கிவிடும். இவ்வளவு சின்னப் பாத்திக்கு வேண்டாம்.

காட்பாடி வாசல்
நன்றி சார். வினிகர் ஊற்றினேன், நன்றாகவே பொங்குகிறது. தண்ணீர் டெஸ்ட் செய்த பழைய சீட்டில் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) 1.8 என்று இருக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் போதுமா?

பாலாற்றங்கரை
1.8 என்றால் அதிக உப்பு வகை (0.75 முதல் 2.25 வரை அந்த வகைதான்). சொன்ன செடிகளை வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் தினமும் கொஞ்சம் என்பதுதான் இதற்குக் கெடுதல். மேல்மண் மட்டும் நனைந்து காயும், உப்பு அங்கேயே தங்கும், மண்மேல் வெள்ளைப் பொருக்கு கட்டும், இலை நுனி கருகும். வாரம் இரண்டு முறை ஆழமாகப் பாய்ச்சுங்கள், உப்பு வேருக்குக் கீழே இறங்கட்டும்.

ஒரு அடிக்கு ஒரு துளை உள்ள சொட்டுநீர்க் குழாய், மணிக்கு 4 லிட்டர் விடுகிற ரகம், இரண்டு வரிசை போட்டால் ஒரு மணி நேரத்தில் 160 லிட்டர். கோடையில் வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரம் சரியாக இருக்கும். மழைக்காலத்தில் நிறுத்திவிடலாம். உப்புப் படிந்து துளை அடைக்கும், மாதம் ஒருமுறை குழாயின் கடைசி மூடியைக் கழற்றிக் கழுவி விடுங்கள். இலைமேல் தண்ணீர் படவே கூடாது.

மேலே மல்லாட்டை (வேர்க்கடலை) தோலோ சருகோ மூன்று அங்குலம் பரப்பி, தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள். ஒட்டிப் போட்டால் கரையானும் அழுகலும் வரும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனை பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஜிப்சம் போட வேண்டுமா என்பதை அந்த ரிசல்ட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், சும்மா வாங்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று, மொட்டை மாடி மழைக் குழாயின் வாயை இந்தப் பாத்திப் பக்கம் திருப்ப முடியுமா? 500 சதுர அடி மாடியில் 20 மில்லிமீட்டர் மழைக்கு 900 லிட்டருக்கு மேல் வரும். வருடம் பூராவும் சேர்ந்த உப்பைக் கழுவ அதைவிட நல்ல வழி இல்லை. விழுகிற இடத்தில் ஜல்லி கொட்டி, மறுமுனையில் ஒரு வடிகால் வைத்தால் நித்தியகல்யாணியும் தப்பிக்கும்.