நவம்பரில் இரண்டு முறை வரும் 1 மணி: நிறுத்தாமல் சமாளிக்க வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கக் கிழக்குக் கரை வாடிக்கையாளர் ஒருவரின் இசட்/ஓஎஸ் (ஐபிஎம்மின் இயங்குதளம்) ஓடும் மெயின்ஃப்ரேமை, அதாவது பெரிய மையக் கணினியை, சென்னையிலிருந்து பார்த்துக்கொள்கிறோம். கோடைக்கால நேரம் முடிவதால், நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணி அங்கே மறுபடி 1 மணி ஆகிவிடும் (நமக்குக் காலை 11:30).

மார்ச்சில் கவலையில்லை, கடிகாரம் முன்னே தாவும், அவ்வளவுதான். வன்பொருள் கடிகாரமும் யுடிசியில்தான் (கோடை, குளிர் என்று மாறாத உலகப் பொது நேரம்) ஓடுகிறது. பயமெல்லாம் பழைய கோபோல் மொழிப் புரோகிராம்கள் மீதுதான். உள்ளூர் நேரத்தையே கீயாக (ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் மதிப்பு) வைத்து விசாம் ஃபைலில் (மெயின்ஃப்ரேமின் ஒரு வகைத் தரவுக் கோப்பு) எழுதுகின்றன; அந்த ஒரு மணி நேரம் திரும்ப வந்தால் டூப்ளிகேட் கீ விழும், பரிவர்த்தனைகளின் வரிசையும் குலையும்.

பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ் மென்பொருளை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்கிறார்கள் சிலர். இரவிலும் பணம் எடுக்க வருபவர்களை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. நிறுத்தாமல் சமாளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கீயை யுடிசிக்கு மாற்றினீர்களா? அப்புறம், சிஐசிஎஸ் நேரத்தை ரீசெட் கமாண்ட் கொடுத்து மாற்றுகிறீர்களா, தானாகவே மாற விடுகிறீர்களா? விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.