ரஸ்ட் இல்லாவிட்டால் பைத்தான் நூலகம் ஏறாதா?

கார்முகில்:
பழைய ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில், டாக்கர் என்ற தனிக் கூட்டுக்குள் 32 பிட் டெபியன் லினக்ஸ் ஓட்டுகிறேன். பைத்தானின் கிரிப்டோகிராஃபி என்ற குறியாக்க நூலகத்தை, பொதிகளை நிறுவித்தரும் பிப் வழியாக நிறுவப் போனால், ரஸ்ட் மொழியின் கம்பைலர் எங்கே என்று கேட்டு நின்றுவிடுகிறது. 2021 பிப்ரவரியில் 3.4 பதிப்போடு ஆரம்பித்த வம்பு இது. அதுவரை சி கம்பைலரும் ஓப்பன்எஸ்எஸ்எல் ஹெடர்களும் இருந்தால் போதும். எழுதுகிறவர்கள் தங்கள் வசதியை மட்டும் பார்த்துக்கொண்டார்கள் என்பதே என் கட்சி.

நிலவன்:
அந்தக் கட்சியில் நான் இல்லை. முன்பின் தெரியாதவர் அனுப்பும் சான்றிதழ் பைட்டுகளைப் பிரித்துப் படிக்கிற நூலகம் அது. அதை சி-யில் எழுதினால் நினைவகப் பிழைகளுக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. மேலும், 3.4-ல் ரஸ்ட்டைத் தவிர்க்க ஒரு சூழல் மாறியும் கொடுத்திருந்தார்கள். அன்று புலம்பியவர்களில் பலருக்கு பிப்தான் பழசு. வீல் என்பது கம்பைல் செய்யாமல் அப்படியே நிறுவக்கூடிய பொதி. எந்தக் கணினிக்கு ஏற்றது என்று அதன் பெயரில் ஒரு குறி இருக்கும். அந்தப் பதிப்பில் மெனிலினக்ஸ்1 என்ற பழைய குறியுள்ள வீல்களை நிறுத்திவிட்டார்கள். புதிய குறிகளைப் பழைய பிப் அறியாது. பொருத்தமான வீலே இல்லை என்று முடிவுகட்டி, மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்யக் கிளம்பிவிடும்.

கார்முகில்:
சரி, ஆல்பைன் லினக்ஸ்காரர்கள்? அவர்களிடம் புது பிப் இருந்தும் பயனில்லையே. மெனிலினக்ஸ் வீல்கள் ஜிலிப்சி என்ற சி நூலகத்தை நம்பிக் கட்டப்பட்டவை, ஆல்பைனில் அதற்குப் பதில் இருப்பது மஸ்ல். மஸ்லுக்கான மஸ்ல்லினக்ஸ் குறி வந்ததே 3.4-க்குப் பிறகுதான். ஆல்ஃபா, எச்பி பிஏ-ரிஸ்க் போன்ற பழைய செயலிகளை வைத்திருந்தவர்களுக்கோ ரஸ்ட்டே கிடையாது.

நிலவன்:
ஆல்பைன் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆல்ஃபா? அதை உருவாக்கிய டிஜிட்டல் நிறுவனமே கைமாறிக் காணாமல் போய்விட்டது. சோதித்துப் பார்க்க ஒரு இயந்திரம்கூட இல்லாத கட்டமைப்புக்குத் தன்னார்வலர்கள் எப்படி உத்தரவாதம் கொடுப்பார்கள்?

தேன்மொழி:
இருவரும் 2021-லேயே நிற்கிறீர்கள். கார்முகில் அண்ணா, ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் பிப்பின் அமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள், பைவீல்ஸ் என்ற வீல் தளத்தின் முகவரி இருக்கும். ராஸ்பெரி பைக்கென்றே கம்பைல் செய்த 32 பிட் ஆர்ம் வீல்கள் அங்கிருந்துதான் வருகின்றன. டாக்கருக்குள் இருக்கும் டெபியனில் அந்தக் கோப்பு இல்லை. முகவரியை அங்கேயும் சேருங்கள், பைத்தான் பதிப்பு பொருந்தினால் வீலே இறங்கும்.

இன்னொன்று, கணினியின் வகையைக் காட்டும் யூநேம் கட்டளை சொல்வதை நம்பாதீர்கள். கர்னல் 64 பிட், மேலே ஓடும் பைத்தான் 32 பிட் என்ற கலவை பையில் சகஜம். யூநேம் 'ஏஆர்ச்64', அதாவது 64 பிட் ஆர்ம், என்றுதான் காட்டும். பிப்பின் டீபக் கட்டளையை வெர்போஸ் தெரிவோடு ஓட்டினால், எந்தெந்தக் குறியுள்ள வீல்களை அது ஏற்கும் என்று வரிசையாகக் கொட்டும். அதில் 'ஆர்ம்வி7எல்' இருந்தால் உங்களுடையது 32 பிட் பைத்தான்.

கார்முகில்:
ஏறிவிட்டது, நன்றிம்மா. கட்சி மட்டும் மாறவில்லை, குற்றவாளியை வேண்டுமானால் மாற்றிக்கொள்கிறேன். வீல் கிடைக்காவிட்டால் பிப் என்னைக் கேட்க வேண்டும். கேட்காமலே கம்பைலரைத் தேடி ஓடுவது என்ன பழக்கம்?

நிலவன்:
வீல் மட்டும் போதும் என்று சொல்ல பிப்பில் ஏற்கெனவே ஒரு தெரிவு இருக்கிறதே. அதையே இயல்பாக்கினால், மூலப்பொதியாக மட்டும் வெளியாகும் எத்தனையோ சின்ன நூலகங்கள் நின்றுபோகும். அவற்றில் பல தூய பைத்தான்.

கார்முகில்:
தூய பைத்தானுக்கு வீல் கட்ட ஒரே கட்டளைதான், எல்லாக் கட்டமைப்பிலும் அது ஓடும். அதைக்கூடச் செய்யாதவருக்காக என் பை எதற்குச் சூடாக வேண்டும்?