டீசல் டெக்னீஷியன் பயிற்சியில் இருக்கிறேன், காமன் ரெயில் பழுது பார்க்க வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பயிற்சியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவது, வால்வு கிளியரன்ஸ் வைப்பது, கம்ப்ரஷன் பார்ப்பது எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. ஸ்பார்க் பிளக்கே இல்லாமல், அழுத்திய காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது என்று புரிந்த நாளிலேயே இந்த வேலைதான் எனக்கு என்று முடிவு செய்துவிட்டேன்.

திணறுவது காமன் ரெயிலில்தான், அதாவது ஒரே பொதுக் குழாயிலிருந்து (ரெயில்) எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்தத்தில் டீசல் போய், உள்ளே பீய்ச்சப்படும் அமைப்பில். ரெயில் பிரஷர் குறைவு என்று ஸ்கேனர் காட்டினால், ஃபில்டர் அடைப்பா, பம்ப்பா, இன்ஜெக்டரா, சென்சார் வயரா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. போன வாரம் அவசரப்பட்டு சென்சாரை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், ஒரு இன்ஜெக்டர், டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் பைப்பில் அதிகமாக டீசல் விட்டுக்கொண்டிருந்தது; அதனால்தான் பிரஷர் குறைந்திருக்கிறது. வண்டிக்காரருக்கு வீண் செலவு வைத்தது இன்னும் மனதை உறுத்துகிறது. பழைய இன்ஜின் போல, ஓடும்போதே பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கவும் கூடாது. 2000 பார் வரை ஏறும் அழுத்தம், தோலைத் துளைத்துவிடும்.

அனுபவமுள்ள அண்ணன்களே, அக்காக்களே, நீங்கள் எதில் தொடங்கி எந்த வரிசையில் சோதிப்பீர்கள்? வயரிங் படம் படிக்க எப்படிப் பழகினீர்கள்? அப்புறம், சொந்தமாக முதலில் வாங்க வேண்டியது நல்ல மல்டிமீட்டரா, ஸ்கேனரா?