உணரியா, இனங்காண்பதா? ஒரு பிறபொருளெதிரிக்குப் பெயர்

அண்ணை,

எங்கள் ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் எடுக்கும் பிறபொருளெதிரிக்கு (antibody, குறித்த புரதத்தில் ஒட்டி அதைக் காட்டுவது) நீங்கள் வைத்த “போசணை உணரிப் பிறபொருளெதிரி” என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. உணர்வது யார் என்பதே அதில் குழம்பிவிடுகிறது. கலத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்தை உணர்வது செஸ்ட்ரின்-2 புரதம். லியூசின் இல்லாதவேளை அது கேட்டர்-2 என்ற புரதத் தொகுதியைப் பற்றிக்கொண்டு, கல வளர்ச்சியைத் தூண்டும் எம்ரோர் தொகுதி 1 (mTORC1) ஐ அடக்கி வைக்கும்; லியூசின் வந்து ஒட்டியதும் பிடியை விடும். ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்கு அந்த வேலையைச் செய்வது காஸ்டர்-1 புரதம். எம்ரோர் ஒரு கைனேசு நொதியம், அதாவது மற்றப் புரதங்களில் பொசுபேற்றை ஏற்றுவது. தடை நீங்கியதும் அது எஸ்6கே1 புரதத்தின் 389ஆம் இடத்துத் திரியோனின் அமினோ அமிலத்தில் பொசுபேற்றை ஏற்றுகிறது. நாங்கள் இங்கே பேசும் பிறபொருளெதிரி அந்த 389இல் பொசுபேற்று இருக்கிறதா என்று பார்ப்பது. அது எதையும் உணர்வதில்லை, இனங்காண்கிறது.

இது சொல்லழகுக்கான சண்டை இல்லை. லியூசின் மட்டும் இல்லாத ஊடகத்தில் கலங்களை 50 நிமிடம் வைத்து, ஒரு பாதிக்கு 10 நிமிடம் லியூசின் கொடுத்துப் பாருங்கள். கலப் புரதங்களைப் பருமன்படி பிரித்து மென்சவ்வில் ஏற்றிப் பார்த்தால் (வெஸ்டர்ன் புளொட்), பொசுபேற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் எஸ்6கே1 முழுவதையும் காணும் பிறபொருளெதிரி இரண்டு பாதிக்கும் ஒரே தடிப்பில் பட்டை காட்டும். பொசுபேற்று வடிவத்தை மட்டும் காண்பதில்தான் பட்டினிக் கலத்தின் பட்டை மங்கியிருக்கும். லியூசின் பெற்றதில் 70 கிலோடால்ட்டனுக்கு அருகே கறுத்து எழும். இந்த இரண்டு பிறபொருளெதிரிகளின் குழாய்க்கும் ஒரே பெயர் ஒட்டினால், பிள்ளைகள் முதலாவதை எடுத்து “லியூசினால் மாற்றமில்லை” என்று எழுதிவிடுவார்கள். (சீரம் சேர்ப்பதென்றால் கூழ்பிரிப்புச் செய்து சிறு மூலக்கூறுகளை நீக்கிய சீரமே வேண்டும். சாதாரண சீரத்தில் உள்ள லியூசின் பட்டினியைக் கெடுத்துவிடும்.)

என் முன்மொழிவு: பொசுபேற்றினங்காண் பிறபொருளெதிரி. “உணரி” செஸ்ட்ரினுக்கும் காஸ்டருக்கும் மட்டும் இருக்கட்டும்.

தங்கச்சி,

உணரியை விட்டுத்தருகிறேன், நீங்கள் சொல்வது சரி. ஆனால் உங்கள் சொல் வாயில் நிற்காது. “பொசுபேற்றுக்காணி” என்று சுருக்கலாமா?

ஒன்றையும் மறக்கவேண்டாம். கலத்தைக் கரைக்கும் கரைசலில் சோடியம் புளோரைட்டும் சோடியம் ஓதோவனடேற்றும் இல்லாவிட்டால், கலத்தின் பொசுபற்றேசு நொதியமே பொசுபேற்றைக் கழற்றிவிடும். பிறகு எந்தப் பெயர் வைத்தும் பட்டை வராது. திருகோணமலை வெயிலில் குழாயை மேசையில் வைத்துவிட்டுப் பனிக்கட்டி தேடப் போகக்கூடாது, பனிக்கட்டி முதலில் வரவேண்டும். மென்சவ்வின் வெற்றிடங்களை மறைக்கப் பால்மாக் கரைசல் வேண்டாம். பாலின் கேசீனே பொசுபேற்றுள்ள புரதம் என்பதால் பின்னணி கறுக்கும். 5 சதவீத மாட்டுச் சீர அல்புமின் போதும்.

அண்ணை,

“காணி” என்றதும் எங்கள் ஊரில் உறுதியும் எல்லைக்கல்லும்தான் நினைவுக்கு வரும், ஆகவே அது வேண்டாம். “பொசுபேற்றறி பிறபொருளெதிரி” என்போம்: அறி என்ற வினையே போதும், சொல்லும் குறுகுகிறது. மற்றது “முழுப்புரதமறி பிறபொருளெதிரி”. குழாயில் இலக்கத்தையும் சேர்த்து “எஸ்6கே1, திரியோனின் 389, பொசுபேற்றறி” என்று எழுதினால் கையில் எடுப்பவருக்கு மூன்றும் தெரியும். கீழே ஒரு வரி: “கிளிசரோல் 50 சதவீதம், −20 பாகையில் வைக்கவும், உறையவைக்க வேண்டாம்.”