கவினின் புதுப் பாம்பு: பினாங்கு ஆயர் ஈத்தாம் குடும்பக் குழு

வெள்ளி, இரவு

கவின்: 📹 வீடியோ
கவின்: ஆண் வந்தாச்சு! பால் பைத்தான் மலைப்பாம்பு, ஸ்பைடர் என்கிற கோலம் உள்ளது. பாதி விலைக்கே கொடுத்துவிட்டார்கள். தினேஷ் அண்ணே, நாளைக்கே நம்ம பெண் பாம்பு ராணியோடு சேர்த்து விடலாமா?

சரசு சித்தி: வீட்டுக்குள் இன்னொன்றா? ஒன்று இருக்கும்போதே அவன் அறைப் பக்கம் நான் போவதில்லை.

ரவி மாமா: கவலைப்படாதே சரசு. குட்டி போட்டதும் எல்லாவற்றையும் பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் கொண்டுபோய் விட்டுவிடலாம் 😂

தினேஷ் அண்ணா: மாமா, விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள், யாராவது செய்துவிடுவார்கள். அந்தக் கோயிலில் இருப்பவை வாக்லர் விரியன்கள். நம்ம காட்டுப் பாம்பு, மரத்தில் சுருண்டு கிடக்கும், விஷம் உண்டு. பால் பைத்தான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, தரையில் வளைக்குள் வாழ்வது. வெளியே விட்டால் பட்டினி கிடக்கும், இல்லையென்றால் தன்னிடம் உள்ள நோயை நம்ம ஊர் மலைப்பாம்புக்கு ஒட்டவைக்கும். அப்புறம், அது குட்டி போடாது, முட்டைதான்.

தினேஷ் அண்ணா: கவின், புதுசு இப்போது எங்கே இருக்கிறது?

கவின்: என் அறையில்தான் அண்ணே. ராணியின் ரேக்கில் கீழ்த்தட்டு காலியாக இருந்தது, அதில் வைத்தேன்.

தினேஷ் அண்ணா: இப்போதே எடுத்து வேறு அறைக்குக் கொண்டுபோ. அப்புறம் பேசலாம்.

கவின்: இந்த ராத்திரியிலா?

தினேஷ் அண்ணா: ஆமாம், இப்போதே.

சரசு சித்தி: எந்த வேறு அறை? என் பூஜை அறையா?

பவித்ரா: ஸ்டோர் ரூம் இருக்கிறதே சித்தி. கதவைச் சாத்தி வைக்கலாம்.

சரசு சித்தி: அங்கேதான் அரிசி மூட்டை இருக்கிறது.

ரவி மாமா: நல்லது, எலித் தொல்லை தீர்ந்தது.

கவின்: வைத்துவிட்டேன். அரிசியை அடுப்படிக்கு மாற்றியாச்சு. அண்ணே, பாம்பு நன்றாகத்தானே இருக்கிறது? கண் தெளிவு, வாயில் சளி இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறது என்று விற்றவர் சொன்னார்.

தினேஷ் அண்ணா: சாப்பிடுவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பாம்புகளுக்கு ஐபிடி என்று ஒரு நோய் உண்டு, அரீனா வகை வைரஸால் வருவது. 2012-இல்தான் அந்த வைரஸையே கண்டுபிடித்தார்கள். போவா வகைப் பாம்பு அதை வருடக்கணக்கில் வெளியே காட்டாமல் சுமக்கும். பைத்தானுக்கு வந்தால் சீக்கிரமே நரம்பைத் தாக்கிக் கொன்றுவிடும். மருந்து கிடையாது. இன்னொன்று நிடோ வைரஸ். நுரையீரலைப் பிடிக்கும், பைத்தான்களில்தான் அதிகம். இதையும் நல்லா இருக்கிற பாம்பு சத்தமில்லாமல் பரப்பும். விற்றவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை, அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

தினேஷ் அண்ணா: அதனால் குறைந்தது 90 நாள் தனிமை. தனி அறை, தனி இடுக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணம். முதலில் ராணியைப் பார், கடைசியில்தான் புதுசு. அதைத் தொட்ட கையோடு ராணியிடம் போகாதே, குளித்துச் சட்டை மாற்றிய பிறகு போ. அடியில் மரத்தூள் போடாதே, வெள்ளை கிச்சன் பேப்பர் மட்டும். அப்போதுதான் எச்சமும் உண்ணியும் கண்ணில் படும். ஈரமான வெள்ளைத் துணியால் உடம்பை மெல்லத் துடைத்துப் பார். கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளி ஒட்டி நகர்ந்தால் அதுதான் உண்ணி. பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே ஊறிக் கிடந்தாலும் சந்தேகப்படு. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நோயைக் கொண்டுபோகும் என்று உண்ணிமேலும் சந்தேகம் இருக்கிறது.

ரவி மாமா: கொரோனா காலம் மாதிரி எஸ்ஓபி போடுகிறாயே.

தினேஷ் அண்ணா: அதே எஸ்ஓபிதான் மாமா.

கவின்: பெட்டியை குளோராக்ஸ் பிளீச் போட்டுக் கழுவினால் போதாதா?

பவித்ரா: பல கிருமிகளுக்குப் போதும், கிரிப்டோவுக்குப் போதாது. அது குடல் ஒட்டுண்ணி. வந்த பாம்பு இரையைக் கக்கும், வயிற்று நடுவில் வீங்கும். குளோராக்ஸுக்கெல்லாம் அது மசியாது. புதுசு கக்கினால் எச்சத்தை டப்பாவில் எடுத்து வா.

பவித்ரா: அப்புறம் கவின், உன் வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். எலியைப் பிடிக்கப் போகும்போது தலை ஒரு பக்கமாகத் திரும்பி ஆடுகிறதே?

கவின்: அது ஸ்பைடருக்கு எல்லாம் இருக்கும் அக்கா. ஒன்றும் இல்லை என்று விற்றவர் சொன்னார்.

தினேஷ் அண்ணா: ஒன்றும் இல்லாமல் இல்லை. அந்தக் கோலத்தைத் தருகிற மரபணுதான் தலையாட்டத்தையும் தருகிறது. 2022-இல் ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு வந்தது. ஸ்பைடர் பாம்புகளின் உள்காதில், சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் பகுதியே சரியாக உருவாகவில்லை. சிலதுக்கு லேசான ஆட்டம், சிலதுக்குக் குப்புறக் கவிழ்ந்து இரையைத் தவறவிடும் அளவுக்கு. குட்டிக்கு எவ்வளவு வரும் என்று அப்பனைப் பார்த்துச் சொல்ல முடியாது. ராணி சாதாரண நிறம்தானே? சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குட்டிக்கு இது இருக்கும்.

பவித்ரா: எனக்குக் கவலை வேறு. ஐபிடி வந்த பைத்தானும் தலையைத் திருப்பிக்கொண்டு மேலே வெறிக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். "ஸ்பைடர்தானே" என்று விட்டுவிட்டு நிஜ நோயைக் கோட்டை விடலாம். நான் வேலை செய்வது பாம்பு பார்க்கிற கிளினிக்தான், கொண்டு வா. நிடோவுக்கு வாயில் ஸ்வாப், ஐபிடிக்கு இரத்தம். ஒரு தடவை நெகட்டிவ் என்றால் முடிந்துவிடாது. தனிமை முடியும்போது இன்னொரு தடவை எடுக்க வேண்டும்.

கவின்: 😐 அப்போ அதைச் சேர்க்கவே கூடாதா?

தினேஷ் அண்ணா: நான் என்றால் சேர்க்க மாட்டேன். சோதனை சுத்தமாக வந்தால் நீயே செல்லமாக வைத்துக்கொள். ஆட்டம் லேசாக இருந்தால் நன்றாகவே வாழும். வாங்கியதில் தப்பில்லை, அதன் வாரிசு வேண்டாம், அவ்வளவுதான்.

ரவி மாமா: அப்போ வேறு ஆண் பார். ஆறு முட்டை என்றாலும் நல்ல காசு வருமே?

தினேஷ் அண்ணா: முட்டைக் கணக்கை அப்புறம் பார்க்கலாம் மாமா. கவின், ராணி இப்போது எவ்வளவு எடை?

கவின்: 1250 கிராம். வயது இரண்டு.

தினேஷ் அண்ணா: 1500 கிராமாவது வேண்டும், மூன்று வயதாவது ஆக வேண்டும். வாரம் இரண்டு எலி திணித்து எடை ஏற்றுவதில் அர்த்தமில்லை, அது வெறும் கொழுப்பு. சினையாக இருக்கும்போது பெரும்பாலும் இரை எடுக்காது, முட்டையைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும்போதும் எடுக்காது. முட்டையிட்டு எழுந்தால் தோல் தொங்கும். அப்புறம் ஒரு வருடம் ஓய்வு கொடுக்க வேண்டும். வருடா வருடம் முட்டை எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பாம்பைப் பார்த்தாலே தெரியும்.

பவித்ரா: ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 62 வயதுக்குக் குறையாத பால் பைத்தான் ஒன்று 2020-இல் ஏழு முட்டை போட்டது. பதினைந்து வருடத்துக்கு மேலாக எந்த ஆணோடும் சேரவில்லை.

சரசு சித்தி: 62 வயதா?! அப்படியென்றால் ராணியை யார் பார்ப்பது? நானா?

தினேஷ் அண்ணா: அதுதான் கேள்வி சித்தி. எல்லாம் 62 வரை போகாது, ஆனால் 20, 30 வருடம் சாதாரணம். ஆறு குட்டி என்றால் ஆறு பேர் அத்தனை வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் வாங்க வருபவரிடம் மூன்று கேள்வி கேட்பேன்: தெர்மோஸ்டாட் இருக்கிறதா, லைசென்ஸ் எடுத்தாயா, பாம்பு மருத்துவர் யார்? பதில் வராவிட்டால் குட்டி என்னிடமே இருக்கும். அதனால்தான் என் வீட்டில் பெட்டி குறையவே இல்லை.

கவின்: லைசென்ஸ் ராணிக்கு மட்டும்தான் இருக்கிறது...

தினேஷ் அண்ணா: புதுசுக்கு விற்றவரிடமிருந்து என்ன தாள் வந்தது? திங்கள்கிழமை அதை எடுத்துக்கொண்டு பெர்ஹிலித்தானுக்கு, அதாவது வனவிலங்குத் துறைக்கு, போ. 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விளையாட்டில்லை. வியாபாரமாக இனம் பெருக்குவதற்கு அந்தச் சட்டத்திலேயே தனி பெர்மிட் உண்டு. தாள் இல்லை என்று விற்றவர் சொன்னால், ஏன் பாதி விலை என்பது புரிந்துவிடும்.

ரவி மாமா: முட்டை வந்தால் கோழி முட்டை மாதிரி பல்பு போட்டால் பொரிக்குமா?

தினேஷ் அண்ணா: கோழி முட்டையைத் திருப்ப வேண்டும், இதைத் திருப்பவே கூடாது. கிடந்தபடியே எடுத்து, மேல்பக்கம் பென்சிலால் கோடு போட்டு, அதே பக்கம் மேலே இருக்க வைக்க வேண்டும். 31, 32 டிகிரி, ஏறக்குறைய இரண்டு மாதம். சின்ன டார்ச் அடித்தால் உள்ளே சிவப்பு நரம்பு தெரியும், எனக்கு இன்றும் அலுக்காத காட்சி. பொரிந்த குட்டியை ஒவ்வொன்றாகத் தனிப் பெட்டியில் வைத்து, முதல் தோல் உரித்த பிறகு இரை காட்ட வேண்டும். அடுத்தடுத்து பல தடவை தானாகச் சாப்பிட்டால்தான் கொடுக்கலாம்.

சரசு சித்தி: இரை என்றதும் ஞாபகம் வந்தது. என் ஐஸ்பெட்டியில் தெங்கிரி மீன் பக்கத்தில் ஒரு பொட்டலம் இருக்கிறது. அது என்ன கவின்?

கவின்: ...

பவித்ரா: கவின்!! உறைய வைத்தாலும் சால்மொனெல்லா சாகாது. எலிக்குத் தனிப் பெட்டி வேண்டும். உருக்குவதற்கும் தனி வாளி, சுடுதண்ணீர். மைக்ரோவேவ் பக்கமே போகாதே.

சரசு சித்தி: மைக்ரோவேவா???

கவின்: இல்லைம்மா, அதில் வைத்ததே இல்லை, சத்தியமாக.

ரவி மாமா: ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சாப்பிட வருவதாக இருந்தேன். வெளியே மாமாக் சாப்பாட்டுக் கடையில் பார்த்துக்கொள்கிறேன்.

சனி, காலை

கவின்: அண்ணே, விற்றவருக்கு மெசேஜ் போட்டேன். தாள் "அப்புறம் தருகிறேன்" என்றார். மறுபடியும் கேட்டேன், பதில் இல்லை.

தினேஷ் அண்ணா: அந்த மெசேஜ்களை அழிக்காதே. பெர்ஹிலித்தானில் கேட்டால் காட்டலாம். நானும் திங்கள்கிழமை கூட வருகிறேன்.

பவித்ரா: டாக்டர் இன்று பதினொரு மணிக்கு வரச் சொன்னார். துணிப் பையில் போட்டு, காற்றுத் துளை உள்ள பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வா. காரில் ஏர்கோனை நேரே அடிக்க விடாதே. ராணியையும் கொண்டு வா, தனிப் பெட்டியில். இரண்டும் ஒரே ரேக்கில் இருந்திருக்கிறது.

கவின்: சரி அக்கா. ராணியை முதலில் தூக்குகிறேன், புதுசைக் கடைசியில்.

சரசு சித்தி: வரும் வழியில் ஒரு சின்ன ஐஸ்பெட்டி விலை கேட்டு வா. உன் காசு.